ஒளியெண் குழாய்க்கு இருக்கை அமைத்தல்

கைவிரல் நீளமான ஒரு கண்ணாடிக் குழாய்; அதனுள்ளே மெல்லிய உலோகத்தால் அமைந்த பத்து எண்ணுருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. மின்சாரம் பாய்ந்ததும் அவற்றுள் ஒன்று மட்டும் செம்மஞ்சள் ஒளி பெற்று விளங்குகின்றது. ஏனைய ஒன்பதும் இருளில் மறைந்து நிற்கின்றன. அடுத்த கணம் வேறோர் எண் ஒளி பெறுகின்றது. முன்னால் நின்ற எண் பின்வாங்கியது போலவும், பின்னால் நின்றது முன்வந்தது போலவும் கண்ணுக்கு ஒரு மயக்கம் தோன்றும். நிக்சிக் குழாய் என வழங்கும் ஒளியெண் குழாயின் இயல்பு இதுவாகும்.

இக்குழாய்களை 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆய்வுகூடங்களின் மின்னளவுக் கருவிகளிலும், மேசைக் கணக்குப்பொறிகளிலும், தொழிற்சாலைகளின் எண்ணிகளிலும் இவ்வகைக் குழாய்களே எண்களைக் காட்டின. 1961ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்த அனிற்றா என்னும் மின்னணுக் கணக்குப்பொறி தன் விடைகளை இத்தகைய குழாய்களிலேயே காட்டியது. 1970களில் மலிவான ஒளிகாலும் இருவாயிகள் வந்தன. கண்ணாடிக் குழாய்கள் மெல்ல ஒதுக்கப்பட்டன. சோவியத் நாட்டுத் தொழிற்சாலைகள் 1980களிலும் அவற்றைச் செய்து வந்தன. பின்னர் அவையும் நின்றுபோயின. அண்மைக் காலத்தில் செக் நாட்டில் தலிபோர் ஃபார்னி என்பவர் புதிய குழாய்களைக் கையாற் செய்யத் தொடங்கினார். எனினும் இன்று பெரும்பாலோர் கைக்கு எட்டுவன, பல பத்தாண்டுகளுக்கு முன் செய்து பெட்டிகளில் உறங்கிக் கிடந்த பழைய குழாய்களேயாம்.

ஆதலின் ஒரு குழாய் உடைந்தால் உலகில் ஒரு குழாய் குறைந்தது என்றே கொள்ளல் வேண்டும். இதனை உணர்ந்தவரே, அக்குழாய்க்கு மின்சுற்றுப் பலகையில் இருக்கை அமைக்கும் வேலையின் அருமையையும் உணர்வர். குழாயின் ஊசிகள் இறங்கும் துளைகள், அவற்றைச் சூழ்ந்த செப்பு வளையங்கள், குழாயின் உடல் அடைத்துக்கொள்ளும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்த வரைபடத்தை இத்துறையினர் 'ஃபுட்பிரின்ற்' என்பர். தமிழில் அதனை அடித்தடம் எனலாம். ஈரமண்ணிற் பதிந்த காலின் சுவடு அக்காலுக்கே பொருந்துவது போல, இத்தடமும் தனக்குரிய குழாய்க்கே பொருந்துதல் வேண்டும்.

முதலில் குழாய் எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சுருக்கமாக அறிதல் நன்று. 1898ஆம் ஆண்டில் வில்லியம் ராம்சே, மொரிஸ் திராவர்ஸ் என்னும் அறிஞர் இருவர் நியோன் வாயுவைக் கண்டறிந்தனர். 1910ஆம் ஆண்டில் சோர்ச் குளோட் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் அவ்வாயு நிரம்பிய விளக்குகளைப் பாரிசு நகரக் கண்காட்சியொன்றில் ஏற்றிக் காட்டினார். ஒளியெண் குழாயினுள் நிரம்பியிருப்பதும் பெரும்பாலும் நியோனே. குழாயின் முன்புறத்தில் நுண்ணிய வலை போன்ற ஒரு நேர்வாய் உண்டு. அதன் பின்னே எண்வடிவில் அமைந்த பத்து எதிர்வாய்கள் உண்டு. நேர்வாய்க்கும் யாதேனும் ஓர் எதிர்வாய்க்கும் இடையே ஏறக்குறைய 170 உவோற்று அழுத்தம் கொடுத்தால், அவ்வெதிர்வாயைச் சுற்றியுள்ள வாயு மின்னைக் கடத்தி ஒளிரும். ஒளிர்வது உலோகம் அன்று. உலோகத்தை ஒரு போர்வைபோற் சூழ்ந்த வாயுவே ஒளிர்கின்றது. இழை எதுவும் சூடேற வேண்டுவதில்லை.

பத்து எண்களுக்குப் பத்து இணைப்புகள், நேர்வாய்க்கு ஒன்று; ஆக ஒரு குழாய்க்குக் குறைந்தது 11 இணைப்புகள் வேண்டும். மணி, நிமிடம், விநாடி ஆகியவற்றைக் காட்டும் கடிகாரம் ஒன்றுக்கு ஆறு குழாய்கள் தேவை. அவற்றின் இணைப்புகள் 66. இத்தனை கம்பிகளையும் கையால் இழுத்துக் கட்டுவது குருவிக்கூடு கட்டுவது போலாகும். பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்தது எனத் தேடுவதும் அரிது. அச்சிட்ட மின்சுற்றுப் பலகை உதவிக்கு வருவது இவ்விடத்திலேதான். வியன்னாவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த போல் ஐஸ்லர் என்பவர் 1930களில் இம்முறையை வகுத்தபோது, அதனை முதலில் ஒரு வானொலிப் பெட்டியிலேயே செய்து காட்டினார் என்பது வானொலி நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும். கம்பிகளுக்குப் பதிலாகக் காப்புப் பலகையின்மேல் மெல்லிய செப்புக் கோடுகளை அமைப்பதே அம்முறை. இன்று வழக்கிலுள்ள பலகை பெரும்பாலும் 1.6 மில்லிமீற்றர் தடிப்புடையது. அதன்மீதுள்ள செப்பு 0.035 மில்லிமீற்றர் தடிப்பே உடையது.

இனி, அடித்தடம் வரைவோர் முதலில் இடறும் இடம் எது என்பதைப் பார்த்தல் வேண்டும். அது கணக்கும் அன்று, கருவியும் அன்று. எந்தப் பக்கத்தில் நின்று பார்ப்பது என்பதே அது.

கொழும்பில் 1925ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 16ஆம் நாள் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் வீடுகளில் ஒலித்தவை வால்வுப் பெட்டிகளே. வால்வுகள் ஓர் உலோகத் தட்டின் மேற்புறத்தில் நிற்கும். கம்பிகள் யாவும் அதன் கீழ்ப்புறத்தில் ஓடும். திருத்துவோர் பெட்டியைத் திறந்ததும் அத்தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொள்வர். அவர்கள் கண்முன் இருப்பது வால்வின் அடிப்பக்கம். ஆகவே வால்வு நூல்களிலுள்ள ஊசிப் படங்களும் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தவாறே வரையப்பட்டன. ஊசிகளும் அவ்வாறு பார்க்கையில் கடிகார முள் செல்லும் திசையில் 1, 2, 3 என எண்ணப்பட்டன. ஒளியெண் குழாய்கள் அம்மரபிற் பிறந்தவை. அவற்றின் படங்கள் பலவும் அவ்வாறே அமைந்தவை.

இப்போது, கொட்டாஞ்சேனையில் வால்வுப் பெட்டிகளைத் திருத்தி முதுமையடைந்த பெரியவர் ஒருவரும், வெள்ளவத்தையில் கணினித் திரையிற் பலகை வரையும் இளைஞர் ஒருவரும் ஒரே குழாயின் படத்தைப் பார்ப்பதாகக் கற்பனை செய்க. இளைஞர் பலகையை எப்போதும் மேலிருந்தே பார்ப்பவர். அவர் பழகிய ஒருங்கிணைந்த சுற்றுகளின் ஊசிகளோ, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ணப்படுபவை. அவர் பழைய படத்தை உள்ளவாறே திரைக்கு மாற்றுகின்றார். பெரியவர் அதை உற்றுப் பார்க்கின்றார்.

"தம்பி, நீர் எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கிறீர்?"

"மேலிருந்துதான் ஐயா."

"இந்தப் படம் கீழிருந்து பார்த்து வரைந்தது. கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பிப் போடும்."

இருவரும் பிழைபட்டவர் அல்லர். கீழிருந்து பார்த்துக் கடிகார முள்ளின் திசையில் எண்ணுவதும், மேலிருந்து பார்த்து அதற்கு எதிர்த்திசையில் எண்ணுவதும் ஒன்றே. ஒரு தாளில் வட்டமாக எண்களை எழுதி, அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்புறமிருந்து பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். பிழை நேர்வது ஒருவர் பார்வையில் வரைந்த படத்தை மற்றவர் பார்வையில் வைக்கும்போதுதான்.

இப்பிழை எத்துணை வஞ்சகமானது என்பதை வானொலி வால்வுகளில் மிகவும் அறிமுகமான நோவல் என்னும் ஒன்பது ஊசி அடியைக்கொண்டு விளக்கலாம். அதன் ஊசிகள் ஒரு வட்டத்தில் 36 பாகைக்கு ஒன்றாக நிற்கின்றன. 36 பாகை வீதம் பத்து இடங்கள் உண்டு. ஒன்பதில் ஊசிகள், ஓரிடம் வெற்றிடம். அவ்வெற்றிடமே குழாயைத் தவறாகச் செருகாதபடி காக்கும் அடையாளம். ஆனால் இவ்வமைப்பை இடம்வலமாகத் திருப்பினாலும் வடிவம் மாறுவதில்லை. 1ஆம் ஊசியின் இடத்தில் 9 வரும். 2இன் இடத்தில் 8, 3இன் இடத்தில் 7, 4இன் இடத்தில் 6 வரும். நடுவிலுள்ள 5 மட்டும் தன் இடத்திலேயே நிற்கும். குழாய் துளைகளில் எவ்விதத் தடையுமின்றி இறங்கிவிடும். நடுவூசியை மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு யாவும் சரியாகவே தோன்றும். மின்சாரம் வந்தபின்னரே பிழை வெளிப்படும்.

எண்களின் இணைப்புகள் தமக்குள் மாறியிருந்தால் ஓரளவு தப்பலாம். குழாயை இயக்கும் கணினி நிரலில் வரிசையை மாற்றி எழுதிவிடலாம். நேர்வாயின் இணைப்பு ஓர் எண்ணின் இணைப்போடு மாறியிருந்தால் அவ்வாறு தப்ப இயலாது. இக்குழாய்களை இயக்குவதற்கென்றே அமைந்த 74141 என்னும் ஒருங்கிணைந்த சுற்றின் வெளிவாய்கள் ஏறக்குறைய 60 உவோற்றுக்கே தாங்கும். அவற்றின்மீது 180 உவோற்று நேரே பாய்ந்தால் அச்சுற்று அழிந்துபோகும்.

பார்வையின் பக்கம் உறுதியானபின் அளவுகளுக்கு வருதல் வேண்டும். அளவுநூலில் உள்ளதை நம்பினாலும், கையிலுள்ள குழாயை வேணியர் இடுக்கிமானியால் அளந்து பார்ப்பதே முறை. இரண்டு ஊசிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை நேராக அளத்தல் கடினம். எதிரெதிராக நிற்கும் இரண்டு ஊசிகளின் வெளிப்புறத் தூரத்தை அளந்து, அதிலிருந்து ஓர் ஊசியின் விட்டத்தைக் கழித்தால் மையத்தூரம் கிடைக்கும். நோவல் அடியில் வெளிப்புறத் தூரம் 12.91 மில்லிமீற்றர், ஊசியின் விட்டம் 1.02 மில்லிமீற்றர் எனின், வட்டத்தின் விட்டம் 11.89 மில்லிமீற்றர் ஆகும். அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே உள்ள தூரம், அவ்விட்டத்தை 18 பாகையின் சைன் பெறுமானத்தாற் பெருக்கக் கிடைப்பது. அஃதாவது ஏறக்குறைய 3.67 மில்லிமீற்றர். பாடசாலையிற் கற்ற கேத்திரகணிதம் பயன்படும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஒளியெண் குழாய்கள் பலவற்றின் அடிகள் இதனின் வேறுபட்டவை. சோவியத் நாட்டு ஐ.என்.12 குழாயின் ஊசிகள் வட்டத்தில் நில்லாமல் நீள்வடிவில் நிற்கின்றன. ஆயினும் அளக்கும் முறை ஒன்றே.

சிறு பிழைகள் கூடிப் பெரும் பிழையாவதையும் மறத்தலாகாது. மேலைநாட்டு ஒருங்கிணைந்த சுற்றுகளின் ஊசியிடைத் தூரம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அஃதாவது 2.54 மில்லிமீற்றர். சோவியத் நாட்டவர் அதனை 2.5 மில்லிமீற்றர் என வகுத்துக்கொண்டனர். ஓர் இடைவெளியில் வேறுபாடு 0.04 மில்லிமீற்றர் மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. ஒரு வரிசையில் எட்டு ஊசிகள் நின்றால் இடைவெளிகள் ஏழு, வேறுபாடு 0.28 மில்லிமீற்றராகப் பெருகும். ஒருங்கிணைந்த சுற்றின் ஊசி வளைந்து இடங்கொடுக்கும். கண்ணாடியிற் பதிந்த தடித்த ஊசி வளையாது. வளையாத இடத்தில் விசை முழுவதும் கண்ணாடிக்கே செல்லும்.

கண்ணாடியும் உலோகமும் சேரும் அவ்விடமே குழாயின் உயிர்நிலை. அங்கே மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றினாலும் வெளிக்காற்று உட்புகும். அதன்பின் குழாய் ஒளிராது. எனவே துளை ஊசியைவிடச் சற்றுப் பெரிதாக இருத்தல் வேண்டும். ஊசி 1.02 மில்லிமீற்றர் எனின், துளை 1.3 மில்லிமீற்றர் அளவில் அமைதல் தகும். துளையின் உட்சுவரிற் செப்புப் பூசப்படுவதால் அது சிறிது சுருங்கும். ஆதலால் பலகை செய்வோருக்கு அளவு கொடுக்கும்போது, பூச்சு முடிந்தபின் உள்ள அளவு எனத் தெளிவாகக் குறித்தல் வேண்டும்.

ஐ.என்.14 போன்ற குழாய்களுக்குக் கடினமான ஊசிகள் இல்லை. மெல்லிய நீண்ட கம்பிகள் பதின்மூன்று உண்டு. பத்து எண்களுக்குப் பத்து, இரண்டு புள்ளிகளுக்கு இரண்டு, நேர்வாய்க்கு ஒன்று. இக்குழாயில் 5 என்னும் எண் தலைகீழாக வைத்த 2 என்பதையும் உற்றுநோக்குவோர் காண்பர். பதின்மூன்று கம்பிகளையும் ஒரே வேளையில் துளைகளில் நுழைத்தல் பொறுமையைச் சோதிக்கும். இதற்குக் கைவினைஞர் கையாளும் உபாயம் எளியது: கம்பிகளை ஒன்றைவிட ஒன்று சிறிது குறைவாக, படிப்படியாக வெட்டிவிடுவர். நீளமானது முதலில் நுழையும். அடுத்தது அதன்பின் நுழையும். மாலை தொடுப்பது போல வேலை நடக்கும். குழாயின் அடி பலகையோடு ஒட்டாமல் சில மில்லிமீற்றர் உயர்ந்து நிற்றல் வேண்டும். கம்பியைக் கண்ணாடியின் அருகே வளைக்கலாகாது. பற்றாசுக்கோலை நெடுநேரம் பிடித்திருத்தலும் ஆகாது.

அடுத்து வருவது உயரழுத்தம். கடிகாரத்திற்கு வெளியிலிருந்து 12 உவோற்றே வந்தாலும், பலகையின்மீது அது 180 உவோற்றாக உயர்த்தப்படுகின்றது. ஒளிரத் தொடங்கிய குழாயின் குறுக்கே ஏறக்குறைய 140 உவோற்று நிற்கும். எஞ்சிய 40 உவோற்றை ஒரு தடை ஏற்றல் வேண்டும். மின்னோட்டம் 2.5 மில்லியம்பியர் எனின், அத்தடை 16,000 ஓம் ஆகும். தடை இல்லையேல் மின்னோட்டம் கட்டின்றிப் பெருகிக் குழாயைக் கெடுக்கும். இத்தடையை நேர்வாய் ஊசியின் அருகிலேயே வைப்பது நல்ல வழக்கம்.

உயரழுத்தக் கோட்டுக்கும் அயற்கோட்டுக்கும் இடையே போதிய வெளி விடுதல் வேண்டும். ஐ.பி.சி. எனப்படும் அமைப்பின் நெறிப்படி, 171 முதல் 250 உவோற்று வரையான அழுத்தத்திற்கு, மேற்பூச்சு இல்லாத வெளிப்புறச் செப்புகளுக்கிடையே 1.25 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும் துளைகளுக்கு 2 மில்லிமீற்றர் அகலமான வளையம் வைத்தால், நடுவே எஞ்சுவது 0.54 மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே நேர்வாயின் அருகே வளையத்தை ஒடுக்கியோ, அயல் வளையத்தை மறுபுறமாக நீட்டியோ வெளியைக் காத்துக்கொள்ளல் வேண்டும்.

கொழும்பில் இவ்விதி மேலும் கவனத்திற்குரியது. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கீழே இறங்கினால் புகையிரதப் பாதை. அதனைக் கடந்தாற் கடல். அங்குள்ள வீடுகளின் சன்னற் கம்பிகள் துருவேறுவதைக் காண்போர்க்கு, உப்புக் காற்றின் வலிமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பற்றாசு வைத்தபின் பலகையில் எஞ்சும் பிசினின்மீது உப்பும் ஈரமும் படிந்தால், அது மின்னைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். அணைந்திருக்க வேண்டிய எண்ணும் மங்கலாக ஒளிர்தல் அக்கசிவின் அறிகுறிகளுள் ஒன்று. பலகையைத் துப்புரவாகக் கழுவி உலர்த்தி, காப்பு வார்னிசு பூசுதலும், நேர்வாயின் அருகே பலகையிற் சிறு பிளவு வெட்டிவிடுதலும் தக்க பரிகாரங்களாம். மின்னை நிறுத்திய பின்பும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அளவுகருவியாற் பார்த்து, அழுத்தம் இறங்கியது என உறுதி செய்யுமுன் பலகையைக் கையாலே தொடுதல் ஆகாது. மாணாக்கர் இவ்வேலையில் ஈடுபடுவதாயின் அனுபவமுள்ள ஒருவர் அருகில் இருத்தல் இன்றியமையாதது.

இத்தனையும் எண்ணி வரைந்தபின்னும், பலகையைச் செய்விக்குமுன் கைக்கொள்ள வேண்டிய ஒரு சோதனை உண்டு. வரைபடத்தை மெய்யளவிலே தாளில் அச்சிடுதல் வேண்டும். அச்சுப்பொறி அளவைச் சுருக்கிவிட்டதா என அறிய, படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீற்றர்க் கோடு ஒன்றையும் வரைந்து, அதனை அடிமட்டத்தால் அளந்து பார்த்தல் நன்று. பின்னர் தாளை மட்டையில் ஒட்டி, துளையிடங்களை ஊசியாற் குத்திக் குழாயை மெல்ல வைத்துப் பார்த்தல் வேண்டும். குழாய் அமர்கின்றதா, எண்ணின் முகம் பார்ப்போரை நோக்கி நேராக நிற்கின்றதா, பக்கத்துக் குழாயின் உடல் முட்டுகின்றதா என்பன யாவும் அப்பொழுதே தெரிந்துவிடும். இதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு மட்டையும் மட்டுமே.

எனினும் மட்டை ஒன்றை மட்டும் சொல்லாது. ஊசிகளின் வரிசை திரும்பியிருக்கின்றதா என்பதை அது காட்டாது. திரும்பிய தடத்திலும் குழாய் அமரும் என்பது முன்னரே கூறப்பட்டது. அதற்குப் பெரியவரின் வழியே வழி. குழாயை மட்டையில் நிறுத்தி, மட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து, குத்திய துளைகளின் வழியே வெளிவந்த ஊசிகளைப் பழைய நூலின் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அவற்றின் பெயர்களைப் பென்சிலால் மட்டையின் பின்புறத்தில் எழுதுதல் வேண்டும். பின்னர் மட்டையை நிமிர்த்தித் திரையிலுள்ள படத்தோடு மறுபடியும் ஒப்பிடல் வேண்டும். இருபுறமும் ஒத்துவந்தால் பலகையைத் துணிந்து செய்விக்கலாம்.

அரைநூற்றாண்டுக்கு முன், தொலைவிலுள்ள ஒரு தொழிற்சாலையில், முன்பின் அறியாத கைகள் வாயு நிரப்பி முத்திரையிட்ட கண்ணாடி அது. அதனை மீண்டும் ஒளிரச் செய்ய விரும்புவோர், மட்டையைக் கவிழ்த்துப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களைச் சிக்கனம் பிடிக்காதிருப்பாராக.